உதவி: வசனம் அமுங்குகிறது, சப்வூஃபர் அதிர்கிறது. ரிசீவரில் ஈக்யூ எப்படி வைப்பது?

தாம்வேக்காரன்
வணக்கம். யாங்கோனில் 12½-க்கு 50 அடி ஹால் டைப் வீடு. தடுப்பு எதுவும் இல்லை, தரை டைல்ஸ். ஆடிஸி (மைக் வைத்து ஒலியைத் தானே சரிசெய்யும் வசதி) உள்ள 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்). டிஷ் பெட்டி, ஆண்ட்ராய்டு பெட்டி இரண்டும் டிவியில் சொருகியிருக்கின்றன. டிவியிலிருந்து ஏஆர்சி (டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஹெச்டிஎம்ஐ வசதி) வழியாக ஒரே ஒயர் ரிசீவருக்கு. வாசல் பக்கச் சிறு சுவரில் டிவி, சப்வூஃபர் அதே சுவரின் மூலையில், சோபா 12 அடி தள்ளி.

படத்தில் பேசுவது அமுங்குகிறது. சத்தம் கூட்டினால் பாட்டும் சண்டையும் காதைப் பிளக்கின்றன. சில பேஸ் சுரங்களுக்கு மட்டும் வீடே அதிர்கிறது. படத்தை நிறுத்தினாலும் சப்வூஃபரில் 'உம்ம்' என்று ஒரு இரைச்சல். கிராஃபிக் ஈக்யூவில் (ஒலியைப் பட்டை பட்டையாகக் கூட்டிக் குறைக்கும் மெனு) 63 ஹெர்ட்ஸைக் குறைத்து 2 கிலோஹெர்ட்ஸைக் கூட்டலாம் என்றால் அந்த மெனுவே மங்கலாக இருக்கிறது.

சாலிடர்
ஈக்யூவை இப்போதைக்கு விடுங்கள் தம்பி. ஆடிஸி ஓடும்போது பல ரிசீவர்களில் கிராஃபிக் ஈக்யூ திறக்காது; இரண்டில் ஒன்றுதான். அது கோளாறு இல்லை.

முதலில் ரிசீவருக்கு என்ன வந்து சேருகிறது என்று பாருங்கள். ரிமோட்டில் இன்ஃபோ அழுத்தினால் திரையில் வரும். 'டால்பி டிஜிட்டல்' என்றால் சரி. 'பிசிஎம்', இரண்டு சேனல் (இடது, வலது மட்டும்) என்று காட்டினால், பேச்சு வரவேண்டிய உங்கள் சென்டர் ஸ்பீக்கருக்கென்று தனி ஒலி வரவே இல்லை. வெளிப் பெட்டியிலிருந்து வரும் 5.1 ஒலியை இரண்டு சேனலாகக் கலந்து ஏஆர்சியில் அனுப்பும் டிவிகள் நிறைய. இதை எந்த ஈக்யூவாலும் மீட்க முடியாது.

இரண்டு பெட்டியையும் ரிசீவரின் ஹெச்டிஎம்ஐ இன்புட்டிலேயே சொருகுங்கள். ஏஆர்சி ஒயர் அப்படியே இருக்கட்டும், படம் அதன் வழியாகவே டிவிக்குப் போகும். பெட்டியின் ஆடியோ மெனுவில் 'பிசிஎம்' என்றிருந்தால் 'ஆட்டோ' அல்லது 'பாஸ்த்ரூ' (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) ஆக்குங்கள். டிவியிலும் அப்படியே. சேனலே ஸ்டீரியோவில்தான் ஒளிபரப்புகிறது என்றால் ரிசீவரில் 'டால்பி சரவுண்ட்' முறையை வையுங்கள், பேச்சைப் பிரித்து சென்டருக்குத் தரும். 'ஸ்டீரியோ'வில் விட்டால் சென்டர் ஊமைதான். 'டைரக்ட்' முறையும் வேண்டாம், அதில் ஈக்யூ வேலை செய்யாது.

தாம்வேக்காரன்
நன்றி அண்ணே, ஆண்ட்ராய்டு பெட்டியில் இப்போது டால்பி டிஜிட்டல் காட்டுகிறது, பேச்சு தெளிவு. ஆடிஸி ஓட்டியதில் முன் ஸ்பீக்கர்கள் 'லார்ஜ்', சப்வூஃபர் அளவு -12 என்று வந்தது. அதிர்வு குறையவில்லை.

மூணாம்மாடி
-12 என்பது ரிசீவர் இறங்கக்கூடிய கடைசிப் படி. அதற்கும் கீழே இறங்க வேண்டியிருந்து, இடமில்லாமல் அங்கேயே நின்றிருக்கும். சப்வூஃபர் பின்னாலுள்ள கெய்ன் (சத்த அளவு) திருகைக் குறைத்துவிட்டு ஆடிஸியை மறுபடி ஓட்டுங்கள். பூஜ்யத்துக்கும் -6-க்கும் நடுவில் வந்தால் நல்லது. அதே இடத்தில் இருக்கும் கிராஸ்ஓவர் (பேஸை எந்த ஹெர்ட்ஸில் வெட்டுவது என்ற) திருகைக் கடைசி வரை ஏற்றிவிடுங்கள். ரிசீவர் ஏற்கெனவே வெட்டி அனுப்புவதை அது இரண்டாம் முறை வெட்டக்கூடாது.

மைக்கை சோபா முதுகில் சாய்க்காமல் ஸ்டாண்டில், காது உயரத்தில் நிறுத்துங்கள். முதல் இடம் நீங்கள் வழக்கமாக உட்காரும் இடம். தூரமும் அளவும் அதை வைத்துத்தான். மற்ற இடங்கள் அதிலிருந்து இரண்டடிக்குள் போதும். மின்விசிறி, ஏசி நிறுத்தியே ஓட்டுங்கள். முடிந்ததும் கையால் முன் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' (பேஸை சப்வூஃபருக்குத் தள்ளும் அமைப்பு) ஆக்கி, கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ், சப்வூஃபர் முறை 'எல்எஃப்இ' (படத்தின் தனி பேஸ் சேனல்) மட்டும்.

அதிர்வுக்குக் காரணம் உங்கள் வீட்டின் அளவு. எதிரெதிர்ச் சுவர்களில் ஒலி மோதித் திரும்பும்போது சில சுரங்கள் மட்டும் பெருத்து நிற்கும். ஒலி விநாடிக்குச் சுமார் 1,125 அடி ஓடும். அகலம் 12½-இன் இரட்டிப்பு 25-ஆல் வகுத்தால் 45 ஹெர்ட்ஸ். நீளம் 50-இன் இரட்டிப்பு 100-ஆல் வகுத்தால் 11¼; அதன் நான்காம் மடங்கும் 45 ஹெர்ட்ஸ்! நீளம் அகலத்தின் சரியாக நான்கு மடங்கு என்பதால் இரண்டும் ஒரே சுரத்தில் ஏறி உட்காருகின்றன. மூலையில் வைத்த சப்வூஃபர் இரண்டையும் முழுதாகக் கிளப்பும். 12 அடியில் இருக்கும் சோபாவோ அந்த நீளவாக்கு அலையின் உச்சியிலேயே கிடக்கிறது. கிராஃபிக் ஈக்யூவின் 63 ஹெர்ட்ஸ் பட்டை 45-ஐச் சரியாகப் பிடிக்காது.

சப்வூஃபரை 12½ அடிச் சுவரின் நடுவுக்கு நகர்த்துங்கள், அகலவாக்கு அலை எழும்பாது. சோபாவை 9 அடிக்கு இழுத்தால் நீளவாக்கு அலை கணக்குப்படி 4 டெசிபெல் இறங்கும். பால்கனிக் கதவு கணக்கைக் கொஞ்சம் மாற்றும்; அரையடி முன்பின் வைத்துக் கேட்டுப் பாருங்கள். இடம் மாற்றினால் ஆடிஸியும் மறுபடி.

அதன் பிறகும் பேச்சு போதவில்லையென்றால் சென்டர் அளவை மட்டும் 2 டெசிபெல் ஏற்றுங்கள். ஈக்யூவைத் தொட்டே ஆகவேண்டும் என்றால் குறைக்க மட்டும் பயன்படுத்துங்கள். 3 டெசிபெல் கூட்டினாலே ஆம்ப் இரட்டிப்பு பவர் தரவேண்டும். டிஷ் சேனலில் பேஸ் தடித்துக் கேட்டால் 'டைனமிக் ஈக்யூ'வின் (சத்தம் குறைவாக இருக்கும்போது பேஸை ஏற்றித் தரும் ஆடிஸி வசதி) ரெஃபரன்ஸ் ஆஃப்செட்டை 10 அல்லது 15 ஆக்குங்கள். இரவில் 'டைனமிக் வால்யூம்' (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது) லைட்.

சாலிடர்
அந்த 'உம்ம்' பற்றி. சப்வூஃபருக்குப் போகும் ஆர்சிஏ ஒயரை உருவுங்கள். இரைச்சல் நின்றால் எர்த் சுற்று, அதாவது எர்த் இரண்டு வழியாக இணைவதால் வரும் இரைச்சல். ஒயரைத் திரும்பச் சொருகி, டிஷ் பெட்டியின் கோஆக்ஸ் ஒயரைக் கழற்றுங்கள். அப்போது நின்றால் அந்த ஒயர் வழியாகத்தான் வருகிறது. ஆனால் அங்கே சாதாரண ஆன்டெனா ஐசொலேட்டர் (எர்த் தொடர்பை அறுக்கும் கருவி) போடாதீர்கள். டிஷ்ஷிலுள்ள எல்என்பிக்கு (சிக்னலை வாங்கும் தலைப்பகுதி) 13 அல்லது 18 வோல்ட் அதே ஒயரில்தான் ஏறுகிறது. அதை அடைத்தால் சேனல் போய்விடும். 20 ஹெர்ட்ஸ் வரை தாங்கும் ஆர்சிஏ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை சப்வூஃபர் ஒயரின் நடுவில் போடுங்கள். மலிவானது பேஸையே தின்றுவிடும்.

இரைச்சலை நிறுத்த எர்த் முள்ளை வெட்டுவது உயிருக்கு ஆபத்து, அதைச் செய்யவே கூடாது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைகிறதா? அப்படியென்றால் அது பெரும்பாலும் கரடான அலை தரும் மாடிஃபைட் சைன் இன்வெர்ட்டர், ப்யூர் சைன் வைத்தால்தான் அடங்கும்.