வெளியே போனால் பேச்சே கேட்காத பீகிள்: அடிக்காமல் பழக்க என்ன வழி?

மழைக்குருவி:
பத்து மாத ஆண் பீகிள் நாய். வீட்டுக்குள் 'உட்கார்', 'வா' எல்லாம் கச்சிதமாகச் செய்கிறான். வாசலைத் தாண்டியதும் மூக்கு தரையில் ஒட்டிக்கொள்கிறது. தொண்டை வற்றக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, நடை முழுக்க லீஷை இழுக்கிறான். தினமும் மாலையில் அரை மணி நேரம் பயிற்சி. பத்து நிமிடத்தில் படுத்துவிடுகிறான். சோக் செயின் (இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி) போட்டால் இரண்டே நாளில் வழிக்கு வருவான் என்கிறார்கள், அதில் விருப்பமில்லை. வேறு என்ன செய்யலாம்?

நீளக்கயிறு:
முயலின் வாசனையைப் பிடித்துக்கொண்டு, மனிதனின் உத்தரவுக்குக் காத்திராமல், கூட்டமாக முன்னால் ஓடுவதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த இனம் இது. மேய்ப்பு நாய்கள் ஆளின் முகத்தைப் பார்க்கும், பீகிள் தரையைப் பார்க்கும். ஆகவே இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கொடுப்பதைவிடத் தரையில் கிடைப்பது அவனுக்கு மேலாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அரை மணி நேரம் மிக அதிகம். 3 முதல் 5 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை, சாப்பாட்டுக்கு முன்னால். அவனுக்கு இன்னும் ஆசை இருக்கும்போதே நிறுத்துங்கள்.

'வா' என்ற சொல்லை இனி விட்டுவிடுங்கள். பலன் ஏதும் இல்லாமல் திரும்பத் திரும்பக் கேட்டதால் அது அவனுக்கு வெறும் சத்தமாகிவிட்டது. புதுச்சொல் ஒன்று வையுங்கள், அல்லது விசில். முதல் சில நாள் வீட்டுக்குள் மட்டும்: சொல்லைச் சொல்லுங்கள், ஒரு நொடிக்குள் ட்ரீட்டை வாயில் கொடுங்கள். அவன் எதுவும் செய்யவேண்டியதில்லை. ஒரு தடவைக்குப் பத்து முறை. சொல் காதில் விழுந்ததும் தலை வெடுக்கென்று திரும்ப ஆரம்பித்தால் அடுத்த அறையிலிருந்து கூப்பிடுங்கள். பிறகு மாடி அல்லது முற்றம். பிறகுதான் தெரு. பத்துக்கு எட்டு முறை, ஒரே அழைப்பில் வந்தால் ஒரு படி ஏறலாம். குறைந்தால் ஒரு படி இறங்கிவிடுங்கள். ஒரே நேரத்தில் தூரத்தையும் கூட்டி, கவனச்சிதறல் உள்ள இடத்துக்கும் போவதால்தான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது.

வெளியே 10 மீட்டர் நீளக் கயிறு. அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டக்கூடாது. ஓடிவந்து கயிறு முடியும் இடத்தில் கழுத்து வெட்டி இழுக்கும். ஹார்னஸின் (மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் பட்டை) முதுகு வளையத்தில் மாட்டுங்கள். கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரல் போய்விடும். தானாகச் சுருளும் லீஷ் இதற்கு ஆகாது. அது எப்போதும் விறைப்பாகவே இருக்கும். இழுத்தால் நீளம் கிடைக்கும் என்ற பாடத்தைத்தான் அது சொல்லிக்கொடுக்கிறது.

நாலுகால்:
மேலே சொன்னது சரி. ஆனால் தின்பண்டத்தால் மட்டும் மூக்கை ஜெயிக்க முடியாது. மோப்பத்தையே கூலியாகக் கொடுங்கள்.

புதர் பக்கம் இழுக்கிறானா? நின்றுகொள்ளுங்கள், பேசாதீர்கள், கயிற்றை வெட்டி இழுக்காதீர்கள். ஒரு கணம் உங்களைத் திரும்பிப் பார்ப்பான். அதே கணத்தில் 'சரி, போ' என்று சொல்லிப் புதர் வரை கூடவே போங்கள். அரை நிமிடம் மோந்து பார்க்கட்டும். ஆரம்பத்தில் அந்தப் பார்வை வர ஒரு நிமிடம்கூட ஆகலாம். அதற்குள் பொறுமை இழந்து பெயரைச் சொல்லிவிட்டால், அவன் பெயருக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொள்வான்.

இழுப்புக்கும் இதே கணக்கு: லீஷ் விறைத்தால் நில், தளர்ந்தால் நட. 2 மீட்டர் லீஷ் போதும். இதில் சிக்கல் எங்கே வருமென்றால், அவசர நாட்களில். ஐந்து தடவை நின்றுவிட்டு ஆறாவது தடவை அவன் இழுத்த பக்கம் போனால், இன்னும் பலமாக இழுத்தால் பலிக்கும் என்று புரிந்துகொள்வான். அதனால் பயிற்சி நேரத்தில் ஹார்னஸின் மார்பு வளையத்திலும், அவசர நேரத்தில் முதுகு வளையத்திலும் மாட்டுங்கள். எந்த வளையத்துக்கு எந்தச் சட்டம் என்பதை நாய் சீக்கிரமே பிரித்துக்கொள்ளும்.

காதுமடல்:
சோக் செயின் பத்தி: வேணாம்ங்க. மூச்சுக்குழாய்க்கு ஆபத்துங்கிறது ஒரு பக்கம். இன்னொண்ணு, வலி வர்ற நேரத்துல நாய் எதைப் பாத்துட்டு இருக்கோ அதோடதான் வலியை முடிச்சுப் போடும். எதிர்ல ஒரு நாய் வரும்போது இழுத்தீங்கன்னா, அடுத்த மாசம் நாயைக் கண்டாலே உறுமுவான்.

கூப்பிட்டு வந்ததும் லீஷ் மாட்டி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? அப்ப 'வந்தா ஆட்டம் காலி'ன்னு கத்துக்குவான். பத்துல எட்டு ஒன்பது தடவை வந்ததும் ட்ரீட் குடுத்துத் திரும்ப விட்டுடுங்க. குளிப்பாட்ட, நகம் வெட்ட அந்தச் சொல்லால கூப்பிடவே கூடாது, நீங்களே போய்த் தூக்கிட்டு வாங்க. தப்பிச்சு ஓடினா துரத்தாதீங்க, அவனுக்கு அது விளையாட்டு. எதிர்ப்பக்கம் ஓடுங்க, இல்லன்னா குந்தி உக்காந்து தரையில எதையோ கிளறுங்க. எவ்வளவு நேரம் கழிச்சு வந்தாலும் திட்டு விழக்கூடாது.

மழைக்குருவி:
நன்றி. ட்ரீட் எவ்வளவு கொடுக்கலாம்? இப்போதே கொஞ்சம் குண்டாக இருக்கிறான். எப்போது நிறுத்துவது?

நீளக்கயிறு:
பாதிப் பட்டாணி அளவு போதும். சின்னத் துண்டும் அவனுக்குக் கூலிதான். நாளின் மொத்த கலோரியில் ட்ரீட் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது, தாண்டாவிட்டாலும் அந்த அளவைச் சாப்பாட்டில் குறையுங்கள். வீட்டுக்குள் தினசரி உலர் உணவிலிருந்தே எடுத்துக் கொடுக்கலாம். தெருவில் உப்பில்லாமல் வேகவைத்த கோழி. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், சைலிடால் (சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பூட்டி) சேர்த்த தின்பண்டம் எதுவும் வேண்டாம். பழகியபின் ட்ரீட்டைப் படிப்படியாகக் குறைக்கலாம்.

நாலுகால்:
'உட்கார்' என்பதற்குக் குறைக்கலாம். கூப்பிட்டு வருவதற்கு மட்டும் நான் குறைக்கச் சொல்லமாட்டேன். முயல் வாசனையை விட்டுவிட்டு வருகிற நாய்க்குக் கடைசிவரை கூலி கொடுப்பதுதான் நியாயம்.

காதுமடல்:
ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. ஆறு மாசத்துலேர்ந்து ஒன்றரை வயசு வரைக்கும் இளவட்டப் பருவம், தெரிஞ்சதையே மறந்த மாதிரி நடிப்பான். அப்ப பழைய படிக்கு இறங்கிப் போங்க, புதுசா எதுவும் ஆரம்பிக்காதீங்க. ஆனா திடீர்னு வீட்டுக்குள்ளயும் கேக்கலன்னா, உக்கார மறுத்தான்னா, முதல்ல கால்நடை மருத்துவர்கிட்ட காட்டுங்க. தொங்குற காதுல தொற்று அடிக்கடி வரும், முதுகுவலி இருந்தாலும் உக்கார மாட்டான். வாரத்துக்கு ஒருதரம் காது மடலைத் தூக்கி மோந்து பாருங்க, நாத்தமோ சிவப்போ இருந்தா பயிற்சியை நிறுத்திட்டு வைத்தியம்.

அப்புறம், எவ்வளவு பழகினாலும் வேலி இல்லாத இடத்துல, ரோட்டுப் பக்கத்துல பீகிளை அவுத்து விடாதீங்க.