கால்பட்டிக்குக் கொக்கி செய்தவர்கள் வாருங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

வைக்கிங் (8 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான வட ஐரோப்பியக் கடலோடிகள்) காலத்து உடையை விழாக்களுக்குப் போட ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி, முழங்கால் வரை சுற்றும் கம்பளிப் பட்டியை எந்தக் கொக்கியால் மாட்டுவது என்பது. நான் பித்தளையில் செய்கிறவன். பார்த்ததையும் செய்வதையும் எழுதுகிறேன், நீங்களும் சேருங்கள்.

டென்மார்க்கில் ஓர்ஹுஸ் பக்கத்து மோஸ்கோர் கடற்கரையில் ஜூலைக் கடைசியில் நடக்கும் வைக்கிங் கூடலுக்கு, பக்கத்துக் கூடாரத்து இளைஞர் ஒருவர் கடையில் வாங்கிய கொக்கியோடு வந்திருந்தார். பாதி உள்ளங்கை அகலம், மேலே டிராகன் தலை, அதிலிருந்து சங்கிலி. போர்க்காட்சியில் நாலு எட்டு ஓடியதுமே அந்தக் கனம் பட்டியை இழுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டது. கணுக்காலில் சுருண்டு கிடந்ததை மிதித்து விழப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விற்பவர்கள் அதைத்தான் 'அசல்' என்று விற்கிறார்கள்.

அசல் கொக்கிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் அருகே பிர்கா என்ற வைக்கிங் கால ஊரில் ஹியல்மார் ஸ்டோல்பே 19ஆம் நூற்றாண்டில் தோண்டிய கல்லறைகளில் ஆண்களின் முழங்கால் பக்கம் சின்னக் கொக்கிகள் கிடைத்தன. அவற்றில் சில காலுறையைக் கால்சட்டையோடு இணைத்தவை என்கிறார்கள். இங்கிலாந்தில் வின்செஸ்டர் கல்லறை ஒன்றில் முழங்கால் அருகே வெள்ளிக் கொக்கிகள் ஜோடியாக இருந்தன. வட்டமாகவோ முக்கோணமாகவோ ஒரு தகடு, மேல் ஓரத்தில் தைக்க இரண்டு துளை, கீழே ஒடுங்கிப் பின்பக்கம் மடங்கிய நுனி. அவ்வளவுதான். எல்லாம் ஒரே தகட்டில்.

நான் 1 மி.மீ. பித்தளைத் தகட்டை எடுத்து, உருவத்தைக் கீறி, கத்திரியால் வெட்டுவேன். துளையை முதலில் போட்டுவிட வேண்டும். நுனியை ஒடுக்கிய பிறகு துளை போட்டால் தகட்டைப் பிடிக்க இடமே இருக்காது. வட்டத்துக்குள் புள்ளி வைத்த அலங்காரத்தையும் வளைப்பதற்கு முன்பே பொறித்துவிடுவேன். அப்புறம் மங்கிய சிவப்பு தெரியும் வரை சூடாக்கித் தண்ணீரில் போடுவேன். எஃகு மாதிரி இறுகாது, பித்தளை இளகித்தான் வரும். சிவப்பு தெரிந்ததும் நெருப்பை எடுத்துவிடுங்கள். அதிகம் காய்ச்சினால் துத்தநாகப் புகை வரும், அதை மூச்சில் இழுக்கவே கூடாது. கறுப்பைப் புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும், வீட்டுக் குத்துவிளக்குக்குச் செய்வதுதான். நுனியை ஒரு ஆணியின் மேல் வைத்துக் குறடால் வளைத்து, தண்டுப் பகுதியைச் சின்னச் சுத்தியால் மெல்லத் தட்டுவேன். தட்டத் தட்டத்தான் அது மறுபடி விறைக்கும். இல்லாவிட்டால் முதல் இழுப்பிலேயே நிமிர்ந்துவிடும்.

நேரம் பிடிப்பது நுனிதான். கூராக இருந்தால் இழையை அறுக்கும், மொட்டையாக இருந்தால் நெசவுக்குள் நுழையாது. மெல்லிய அரம், பிறகு உப்புத்தாள், கடைசியாக நூற்காத கம்பளியின் மேல் ஒரு இழுப்பு. ஒரு மயிர் சிக்கினாலும் மறுபடி அரம்தான்.

---

நல்ல பதிவு. நான் இரும்பில் செய்கிறேன். ஆகஸ்ட் மாதம் போலந்தின் வோலின் தீவில் நடக்கும் வைக்கிங் விழாவுக்குப் போயிருந்தபோது ஒரு முதிய கொல்லர் சாதாரண ஆணியிலிருந்து கால்பட்டிக் கொக்கி இறக்கிக் காட்டினார். ஆணித் தலையைத் தட்டையாக்கித் துளை போட்டார், மறுமுனையை மெல்ல இழுத்தார். கங்கிலிருந்து அவர் கண் விலகவே இல்லை. மெல்லிய நுனி சட்டென்று சூடேறிவிடும், மஞ்சளைத் தாண்டினால் பொறி பறந்து எரிந்தே போய்விடும். வளைத்து முடித்ததும் சிவப்பு அடங்கும் வரை பொறுத்து, சூட்டோடு தேன்மெழுகில் தேய்த்தார். புகை கிளம்பி, இரும்பு நல்ல கறுப்பாக வந்தது.

பார்க்க எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் காலைப் பனியில் புல்வெளியில் நடந்தால் மெழுகு பூசிய இரும்பும் துருப்பிடிக்கும். சாயம் போடாத வெள்ளைக் கம்பளியில் அந்தக் கறை போகவே போகாது. அடர்நிறப் பட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் இரும்பைச் சொல்வேன்.

---

நான் நெய்கிறவள், அதனால் துணியின் பக்கம் நின்று பேசுகிறேன். கொக்கி பட்டியைத் தாங்குவதில்லை, பட்டியின் முனை அவிழாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தாங்குவது சுற்று. இன்றைய ஜெர்மனியில் இருக்கும் வைக்கிங் கால ஊரான ஹெடெபியின் துறைமுகச் சேற்றில் கிடைத்த கந்தல்களில் இந்தப் பட்டிகளின் துண்டுகளும் உண்டு: ஏறக்குறைய 10 செ.மீ. அகலம், மீன்முள் நெசவு. சாய்ந்து ஓடும் அந்த நெசவு கெண்டைக்காலின் வளைவுக்கு இழுத்துக் கொடுக்கும், சாதா நெசவு கொடுக்காது. அகலத் துணியைக் கிழித்துப் பட்டியாக்கி, வழுக்குகிறது என்று கொக்கியைத் திட்டுகிறவர்கள் நிறைய. இரண்டு பக்கமும் கரையோடு குறுகலாக நெய்த பட்டியை, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றிப் பாருங்கள். பட்டியின் முனையை உள்ளே செருகினாலே நிற்கும். நான் பெரும்பாலும் அப்படித்தான் போகிறேன்.

கொக்கி வேண்டும் என்றால், மெழுகு தடவிய லினன் நூலால் பட்டியின் முனையை இரண்டாக மடித்துத் தையுங்கள், ஒற்றைத் துணியில் துளைகள் கிழிந்துவிடும். கொக்கி காலின் வெளிப்பக்கம் வர வேண்டும். உள்பக்கம் வைத்தால் நடக்கும்போது அடுத்த காலின் பட்டியில் மாட்டும்.