குவில்ட் கண்காட்சியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்ட பாட்டி

தேக்காவாசி

போன சனிக்கிழமை எங்கள் பேட்டைக் கலை மையத்தில் குவில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) கண்காட்சிக்குப் போயிருந்தேன். நுழைவு இலவசம், போகாதவர்கள் போங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

பழைய சேலைகளை வெட்டித் தைத்த ஒன்று சுவரில் தொங்கியது. நடுவில் மதுரைச் சுங்குடி, சுற்றிலும் காஞ்சிப் பட்டின் கரை. சுங்குடிப் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுச் சிவப்பு நூலில் கைத்தையல் ஓடியது. எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டி அதன் கீழ்மூலையைத் திருப்பி, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். தொண்டூழியர் தம்பி ஓடி வந்து, "பாட்டி, தொடக்கூடாது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பாட்டி உடனே விட்டுவிட்டார். "பின்னால பார்த்தாத்தானே தம்பி தையல் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் மீதி அத்தனையையும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டே பார்த்தார். விரல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தன. அந்தக் கூடத்தில் கைத்தையல் தெரிந்து பார்த்தவர் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். இன்னும் மனசு ஆறவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

நூல்கண்டு

தம்பி செய்தது சரி. நான் சமூக மன்ற வகுப்பில் குவில்ட் தைப்பவள். ஒருமுறை என்னுடையது தொங்கியபோது, யாரோ கறிபஃப் சாப்பிட்ட விரலோடு வெள்ளைக் கரையைப் பிடித்துவிட்டார்கள். அந்த மஞ்சள் ரேகை இன்றுவரை போகவில்லை. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி, மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் குவில்ட். கறை பஞ்சுக்குள் இறங்கிவிட்டால் எடுப்பது பெரும்பாடு. மொத்த எடையும் மேலே பின்புறம் தைத்த துணிக்குழாயில்தான் நிற்கிறது, அதற்குள்தான் கம்பைச் செருகுவோம். கீழே பிடித்து இழுத்தால் பழைய பட்டு நேராகக் கிழியும். சுத்தமான கையிலும் வியர்வையும் எண்ணெயும் உண்டு. நம் ஊர்ப் புழுக்கத்தைச் சொல்லவே வேண்டாம். பாட்டியின் மனசு எனக்கும் புரிகிறது. ஆனால் தைத்தவளின் உழைப்பையும் யாராவது யோசிக்க வேண்டுமே.

சாங்கிப்பக்கம்

நூல்கண்டு அக்கா சொல்வது நியாயம்தான். ஆனால் பின்பக்கம் பார்க்கக் கேட்டது தவறே இல்லை.

சாங்கி குவில்ட்டுகளைப் பற்றி ஒரு பேச்சுக்குப் போயிருந்தேன். 1942இல், சிங்கப்பூர் ஜப்பானியர் பிடியில் இருந்தபோது, சாங்கிச் சிறையில் அடைபட்ட பெண்கள் தைத்தவை, கனடாக்காரரான எத்தல் மல்வனி முன்னின்று நடத்தியது. மூன்று குவில்ட், ஒவ்வொன்றிலும் 66 சதுரம். ஆளுக்கு ஒரு துண்டுத் துணி கொடுத்து, உன்னைப் பற்றி ஏதாவது தை என்றார்கள். பெரும்பாலோர் பெயரையும் தைத்தார்கள். தனி முகாமில் இருந்த கணவர்களுக்கு, மனைவி உயிரோடிருக்கிறாள் என்று தெரிய அது ஒரு வழி. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் காயமுற்றோருக்கு ஒவ்வொன்று, ஜப்பானியக் காயமுற்றோருக்கும் ஒன்று. இரண்டு இப்போது கான்பரா போர் நினைவகத்தில், ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம்.

பேச்சில் பின்பக்கத்தின் படத்தையும் காட்டினார்கள். காயமுற்ற வீரர்களுக்கு எங்கள் அனுதாபத்தோடு என்று எழுதி, அதற்குக் கீழே, இதை ட்ரை கிளீன் செய்வது நல்லது என்றும் சேர்த்திருந்தார்கள். சிறையில் பட்டினிக்கு நடுவே, முகம் தெரியாத எவரோ இதை எப்படி வெளுக்க வேண்டும் என்று அந்தப் பெண்கள் கவலைப்பட்டிருக்கிறார்கள். அந்த வரிதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. முன்பக்கத்தை மட்டும் பார்த்தவருக்கு அது தெரியவே தெரியாது.

உட்லண்ட்ஸ் அம்மா

எனக்கும் அந்தச் சேலை குவில்ட்டைப் பார்த்ததும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது, நின்றுவிட்டேன். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் அவசரப்பட்டு அம்மா சேலையில் கத்தரி வைக்காதீர்கள். முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், மடிப்பில் கோடு கோடாக வெளிச்சம் தெரிந்தால் பட்டு இற்றுவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தை விட்டுவிட்டு முந்தானையும் கரையும் எடுங்கள். பட்டுத் துண்டுக்குப் பின்னால் இஸ்திரி போட்டு ஒட்டும் மெல்லிய துணியை ஒட்டிவிட்டு வெட்டினால் நூல் பிரியாது. சுங்குடியைத் தனியாக நனைத்து, சாயம் நின்ற பிறகே மற்றதோடு சேருங்கள். வெட்டாமல் வைத்திருப்பவர்கள் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், பழைய வெள்ளை வேட்டியில் சுற்றுங்கள். அந்துருண்டை சரிகையில் படவே கூடாது. சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பாத்ரூம் சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்தால் பூஞ்சை வந்துவிடும், சொல்லிவிட்டேன்.

தேக்காவாசி

அக்கா, என் அம்மா சேலையும் பிளாஸ்டிக் பையில்தான் இருக்கிறது, இன்றைக்கே எடுத்துவிடுகிறேன்.

நூல்கண்டு அக்கா, தொடக்கூடாது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதுதான் உறுத்துகிறது. வெளிநாட்டுக் குவில்ட் கண்காட்சிகளில் வெள்ளைக் கையுறை போட்ட தொண்டூழியர் இருப்பார், கேட்டால் அவரே மூலையைத் திருப்பிக் காட்டுவார். இங்கேயும் ஒரு ஜோடி கையுறை இருந்திருந்தால் அந்தப் பாட்டி பின்பக்கத்தைப் பார்த்திருப்பார்.

நூல்கண்டு

அது சரியான யோசனை. எங்கள் வகுப்பில் கையுறை இருக்கிறது. ஞாயிறு மதியம் நான் மையத்துக்குப் போய்க் கேட்கிறேன், ஒத்துக்கொண்டால் நானே நிற்கிறேன். அந்தப் பாட்டியைத் தெரிந்தவர்கள் இருந்தால் அவரிடம் சொல்லிவிடுங்கள்.