மத்தேயு 1:25-இல் வரும் "பெறுமளவும்": மரியாள் பிறகும் கன்னியா?

கேள்வி: "முதற்பேறான குமாரனைப் பெறுமளவும் அவளை அறியாதிருந்து" என்றால், யோசேப்பு பிறகு அறிந்தார், அதாவது மரியாளோடு கூடினார் என்றுதானே பொருள்? மாற்கு 6:3-இல் யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என இயேசுவின் நாலு சகோதரர் பெயரும் இருக்கிறது. அப்புறம் "எப்போதும் கன்னி" எப்படி?

பதில் 1: "அளவும்" தனியாக எதையும் தீர்க்காது. கிரேக்கத்தில் அது ஹெயோஸ். 2 சாமுவேல் 6:23-இல் தாவீதின் மனைவி மீகாளுக்கு மரணநாள்வரை பிள்ளையில்லை என்கிற இடத்திலும் செப்துவஜிந்தில் (பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு) இதே சொல்தான். செத்தபின் பெற்றாளா? ஆனால் இது கன்னிமையை நிரூபிக்கவும் செய்யாது. கதவைத் திறந்து வைக்கிறது, அவ்வளவே.

"முதற்பேறான" என்பது மிகப் பழைய பிரதிகளில் இந்த வசனத்தில் இல்லை. லூக்கா 2:7-இல் உண்டு. அங்கேயும் அது அடுத்த பிள்ளையைக் குறிக்க வேண்டியதில்லை. எகிப்தில் கி.மு. 5-ஆம் ஆண்டுக் கல்லறைக் கல்வெட்டு ஒன்று, "முதற்பேற்றை" ஈன்றபோதே இறந்த யூதப் பெண்ணைச் சொல்கிறது.

பதில் 2: உண்மையான சண்டை சகோதரர்களைப் பற்றித்தான். 4-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஹெல்விதியுஸ், இந்தச் சகோதரர்கள் மரியாளின் பிள்ளைகள் என்றார். 383 வாக்கில் வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் அவரை மறுத்து, ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்றார். அதே காலத்து ஆயர் எபிபானியுஸ் சொன்னதோ யோசேப்பின் முதல் தாரத்துப் பிள்ளைகள் என்று. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் இன்றும் அதுதான் வழக்கு. 2-ஆம் நூற்றாண்டின் யாக்கோபு முன்நற்செய்தி என்ற, வேதாகமத்தில் சேராத நூலிலேயே இது இருக்கிறது, ஆனால் அந்த நூலின் மற்றக் கதைகளைப் பார்த்தால் வரலாற்றுச் சாட்சியாக நம்பக் கை நடுங்கும்.

ஜெரோமின் வழியில் ஓட்டை: அவர் இந்த யாக்கோபையே அல்பேயுவின் மகனான அப்போஸ்தலன் ஆக்குகிறார். யோவான் 7:5-இலோ சகோதரர்கள் இயேசுவை விசுவாசிக்கவில்லை; பிறகு அவர்களில் ஒருவர் எப்படி அப்போஸ்தலன்?

பதில் 3: "சித்தப்பா மகனையும் தம்பி என்போமே, அதேபோல்தான் அதெல்போஸ் (சகோதரன் என்பதற்கான கிரேக்கச் சொல்)" என்று நம்மவர்கள் அடிக்கடி சொல்வார்கள். தமிழுக்குச் சரி. எபிரேயச் சாயலில் லோத்தும் ஆபிரகாமுக்குச் சகோதரன்தான் (ஆதி. 13:8). ஆனால் கிரேக்கத்தில் ஒன்றுவிட்ட சகோதரனுக்கு அனெப்சியோஸ் என்ற தனிச்சொல் இருக்கிறது, கொலோ. 4:10-இல் மாற்கு பர்னபாவுக்கு அதுதான். கலா. 1:19-இல் பவுல் யாக்கோபுக்கு அதைப் போடவில்லை.

பதில் 4: இதைக் கத்தோலிக்க–புராட்டஸ்டண்ட் சண்டையாகப் பார்ப்பது பிற்கால வழக்கம். 553-இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கமும் 649-இல் லாத்தரன் சினோதும் "எப்போதும் கன்னி" என்றன, சரி. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதிகளான லூத்தரும் ஸ்விங்கிலியும்கூட அதை விடவில்லை. இன்னொரு சீர்திருத்தவாதி கால்வின் ஹெல்விதியுஸின் வாதத்தைச் சாடினாரே தவிர, வசனம் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை என்று நிறுத்திக்கொண்டார்.

மறுபக்கம், ஆதிச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரசவத்துக்குப் பின்னான கன்னிமையை ஏற்கவில்லை. ஆகவே "சபை ஒருமனதாக" என்று யாரும் தொடங்கினால், தெர்த்துல்லியனின் பெயரைச் சொல்லுங்கள்.