யன்னலுக்குள் வரும் விளம்பர வெளிச்சம்: உங்களுக்கு என்ன நடந்தது?

வெள்ளவத்தை நாலாம் மாடி:
காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், முதல் தொடர்மாடியில் இருக்கிறோம். போன வருடம் வரைக்கும் வீதிக்கு அந்தப் பக்கக் கட்டடத்தின் நெற்றியில் சாதாரண பெனர்தான் தொங்கியது. சவர்க்காரம், பால்மா, ஏ.எல். டியூஷன் என்று மாறி மாறி வரும், யாருக்கும் தொந்தரவில்லை. அதைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் திரை பூட்டிய நாளிலிருந்து எங்கள் படுக்கையறையில் இரவே இல்லை. சுவர் சிவக்கும், எட்டு எண்ணுவதற்குள் நீலமாகும், பால்மா விளம்பரம் வந்தால் பட்டப்பகல்தான். தடித்த திரைச்சீலை போட்டோம். வெளிச்சத்தோடு காற்றும் நின்றுபோனது. அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை, சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். லைட்டைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது என்று சொல்லி, பாயைச் சுருட்டிக்கொண்டு பின்பக்க அறைக்குப் போய்விட்டார்.

முறையிடப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை, விடுங்கள். கட்டடத்துக்கு மேலே என்றால் அங்கே, வீதியோரம் என்றால் இன்னோர் இடம் என்று அனுப்பினார்கள். இரண்டாவது இடத்தில், "போர்ட் விழுந்துவிடும் போல இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இல்லை, மலை மாதிரி நிற்கிறது. "அனுமதி இல்லாமல் வைத்திருக்கிறார்களா?" எனக்கு எப்படித் தெரியும்! வெளிச்சம் கூட என்றேன். எழுதிக்கொண்டிருந்த பிள்ளை பேனையை வைத்துவிட்டுப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்கென்று ஒரு கட்டம் அதில் இல்லை. "மற்றவை" என்பதில் எழுதிக்கொண்டாள்.

இப்படி யாருக்காவது நடந்து, ஏதாவது பலித்திருந்தால் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைக் கடை:
தம்பி, கட்டம் இல்லாததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. என் கடைப் பெயர்ப்பலகைக்கு நான் அலைந்ததில் கண்டது, எல்லாமே அடிக்கணக்குத்தான். நீளம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, சுவரைவிட்டு எவ்வளவு வெளியே நீட்டுகிறது, எழுத்து ஒரு பக்கமா இரண்டு பக்கமா. அதற்கேற்ப வருடா வருடம் கட்டணம். உள்ளே என்ன பல்ப், எத்தனை வாட் என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. என்னுடையது ஆறடிக்கு இரண்டடி. நடைபாதைக்கு மேல் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்ததால் இரண்டு தரம் நடக்க வைத்தார்கள். நியாயம்தான், மழைக்கு ஒதுங்குகிறவர் தலையில் இடிக்கும். ஆனால் சந்தியில் ஒரு வீட்டளவு திரை இரவெல்லாம் மின்னுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பொறாமை என்று சொன்னாலும் சரி.

இரவு ஓட்டம்:
நான் த்ரீவீல் ஓட்டுகிறவன். படுக்கையறைக் கதை எனக்குத் தெரியாது, றோட்டுக் கதை தெரியும். ஒரு சந்தியில் சிக்னல் கம்பத்துக்கு நேர் பின்னால் திரை இருக்கிறது. மழை பெய்து றோட்டும் கண்ணாடியாகக் கிடந்தது, மேலே ஒரு விளம்பரம், கீழே அதே விளம்பரம். திரை முழுக்கப் பச்சையானதும் எனக்கு முன்னால் நின்ற மோட்டார் சைக்கிள் பொடியன் எடுத்துவிட்டான். சிக்னல் சிவப்பு. குறுக்கே வந்த பஸ்காரர் மிதித்த மிதியில் தப்பினான். அவனைத் திட்டத்தான் வாய் திறந்தேன். ஆனால் என் கையும் அக்சிலரேட்டரைத் திருகிவிட்டிருந்தது.

போர்ட் பூட்டுகிறவன்:
இந்தத் திரைகளைப் பூட்டுவதுதான் என் தொழில், திட்டுவதாக இருந்தால் வாசித்த பிறகு திட்டுங்கள். வெயிலில் படம் தெரிய வேண்டும் என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 5,000 கண்டேலாவுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வேண்டும். நாங்கள் நிட்ஸ் என்போம், இரண்டும் ஒன்றுதான். அதே அளவை இரவில் விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் பாடு அதோகதி. பிரிட்டனில் ஒளியமைப்புப் பொறியியலாளர்களின் வழிகாட்டலில், நகரத்துக்குள் 10 சதுர மீற்றருக்கு மேற்பட்ட திரைக்கு இரவில் 300 தான் உச்சம். பகலில் இருப்பதில் பதினைந்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை, படம் அழகாகவே தெரியும். 

குறைப்பதற்குப் புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. கொன்ட்ரோலரில் நேர அட்டவணை இருக்கிறது, பின்னேரம் ஆறு மணிக்கு இவ்வளவு வீதம், பத்துக்கு இவ்வளவு என்று போட்டுவிடலாம். வெளிச்சத்தைப் பார்த்துத் தானே கூட்டிக் குறைக்கும் சென்சரும் உண்டு. நடப்பது என்னவென்றால், திறப்பு விழா பகல் பதினொரு மணிக்கு. முதலாளி வீதியில் நின்று "இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு" என்பார். நூறு வீதத்தில் வைத்துவிட்டு எல்லாரும் சாப்பிடப் போவோம். பிறகு ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வெள்ளைப் பின்னணியில் எல்லாப் புள்ளியும் முழுதாக எரியும். வெள்ளவத்தைக்காரரின் பால்மா அதுதான். திரையின் மூலையில் அல்லது சட்டத்தில் விளம்பர இடம் தருகிறவரின் தொலைபேசி இலக்கம் இருக்கும். அதற்கு எடுத்து "நைட் பிரைட்னஸ் குறையுங்கள்" என்று இந்தச் சொல்லையே சொல்லுங்கள். "தொந்தரவாக இருக்கிறது" என்றால் யாருக்கும் விளங்காது.

கொட்டாஞ்சேனைக் கடை:
அப்படியே அந்தத் திரைகளில் வரும் தமிழ் எழுத்தையும் பாருங்கள் தம்பி. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்.

போர்ட் பூட்டுகிறவன்:
அது எழுத்துரு பிரச்சினை அண்ணா. படமாக மாற்றித் தந்தால் உடையாது. தருகிறவர்கள் அப்படியே ஒட்டி அனுப்புகிறார்கள்.

பொரளைப் பக்கம்:
வெளிச்சத்தை விடுங்கள், "விழுந்துவிடுமா" என்று அந்த அலுவலகத்தில் கேட்டது சும்மா கேள்வி அல்ல. 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் 120 அடிக்கு 120 அடிப் பலகை பெட்ரோல் நிலையத்தின் மேல் சாய்ந்து 17 பேர் செத்தார்கள். எங்களுக்கும் மே மாதம் என்றால் தென்மேற்குப் பருவக்காற்று. போன தடவை எங்கள் ஒழுங்கையில் பெனர் ஒன்று கிழிந்து ட்ரான்ஸ்போமரில் சுற்றிக்கொண்டது.

மொட்டைமாடி:
2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, தெருவிளக்குகளையும் அணைக்கச் சொன்னார்களே, அந்த இரவுகளில் பிள்ளைகளை மேலே கூட்டிப்போய் நட்சத்திரம் காட்டினேன். கீழே எரிவாயு இல்லை, பால்மா இல்லை. அந்த வானத்துக்கு ஏங்குகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். 2025இல் பாணந்துறை மின் உபநிலையத்தில் குரங்கு புகுந்து நாடு முழுக்கக் கரண்ட் போனபோது பிள்ளைகள் தாங்களாகவே மேலே ஓடினார்கள். அது பகல் என்பது மேலே போன பிறகுதான் உறைத்தது.

ஓய்வுபெற்ற லிகிதர்:
வெள்ளவத்தை மகனுக்கு. நகர எல்லைக்குள் விளம்பரப் பலகைக்கு மாநகர சபையின் அனுமதி வேண்டும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின்படி நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் இதில் அதிகாரம் உண்டு. காலி வீதி போன்ற பெருந்தெருவின் ஒதுக்கிடத்தில் நின்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் வரும். உங்களை அங்குமிங்கும் அனுப்பியதற்கு வேர் அது.

அனுமதி இருக்கிறதா என்று நீங்கள் ஊகிக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு கடிதம் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள்: அனுமதிப் பத்திரத்தின் பிரதி, அதன் காலம், ஒளி பற்றிய நிபந்தனைகள். அதற்கும் சரிவராவிட்டால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு இருக்கிறது, பொதுத் தொல்லைக்கு நீதவான் கட்டளையிடலாம். ஒரு வீட்டார் மட்டும் போனால் அது உங்கள் சொந்தத் தொல்லை. தொடர்மாடியே கையெழுத்து வைத்துப் போனால்தான் பொதுத் தொல்லை என்று வாதாடலாம்.

வெள்ளவத்தை நாலாம் மாடி:
திரும்பி வந்து எழுதுகிறேன், ஆறு கிழமை ஆகிவிட்டது. இரண்டு வழியிலும் போனேன். தகவல் கேட்ட கடிதத்துக்குப் பதில் தமிழிலேயே வந்தது. அகலம், உயரம், முடியும் திகதி எல்லாம் இருக்கின்றன, வெளிச்சம் பற்றி ஒரு வரி இல்லை.

இலக்கத்துக்கு எடுத்தேன். முதல் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. மூன்றாவது ஆளிடம் "நைட் பிரைட்னஸ், அட்டவணை" என்றதும், "ஓ, அதுவா" என்று சிரித்தான். அன்றிரவு பத்து மணிக்கு நானும் மனைவியும் யன்னலடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். திரை ஒரு தரம் சிமிட்டியது, பிறகு மங்கியது. சுவரில் இன்னும் நிறம் விழுகிறது, ஆனால் தூங்கலாம். பத்துக்கு முன்னால் பழைய மாதிரித்தான். அதை ஏழு மணியாக்கச் சொல்லி இன்னொரு தரம் எடுக்க இருக்கிறேன்.

அம்மாவை முன்னறைக்கு வரச் சொன்னோம். பின்பக்கம் கடற்காற்று வருகிறதாம், மாட்டேன் என்கிறார்.