ஃப்ராய்டின் கோட்பாடு ஏன் இத்தனை முறை மாறியது?

உளவியல் மாணவி:
வணக்கம். உளவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஃப்ராய்டு உருவாக்கிய உளப்பகுப்பாய்வை எங்கள் பாடநூல் இட் (இயல்புந்துதல்), ஈகோ (தன்னுணர்வு), சூப்பர் ஈகோ (மனசாட்சி) என்னும் மனப்பகுதிகளின் பட்டியலோடு முடித்துவிடுகிறது. மூல எழுத்துகளைப் படிக்கத் தொடங்கிய பின்தான் எனக்குக் குழப்பம் வந்தது. மறக்கப்பட்ட அதிர்ச்சியின் நினைவே ஹிஸ்டீரியாவுக்கு (உடற்காரணமின்றித் தோன்றும் நோய்க்குறிகளுக்கு அன்று வழங்கிய பெயர்) காரணம் என்று 1895இல் எழுதியவர், 1923இல் மனத்தின் வரைபடத்தையே மாற்றி வரைகிறார். உணர்வுகளை ஒடுக்குவதால் பதற்றம் பிறக்கிறது என்று அதுவரை சொல்லிவந்தவர், பதற்றமே ஒடுக்குதலைத் தூண்டுகிறது என்று 1926இல் தலைகீழாக்குகிறார். இந்த மாற்றங்கள் சிகிச்சை அறையில் நடந்தவற்றிலிருந்து வந்தவையா, அல்லது எழுதுமேசையில் பிறந்தவையா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பழைய சிகிச்சையாளர்:
நல்ல கேள்வி. இரண்டும் உண்டு. ஆயினும் சிகிச்சை முறையில் நிகழ்ந்த பெரிய மாற்றங்கள் பெரும்பாலும் தோல்வியிலிருந்தே வந்தன என்பது, இத்துறையில் நெடுங்காலம் பணியாற்றிய எனக்கு ஏற்பட்டிருக்கும் கருத்து.

தொடக்கத்தையே பாருங்கள். 1880 முதல் 1882 வரை வியன்னாவில் மருத்துவர் யோசெஃப் பிராயர் சிகிச்சை அளித்த ‘அன்னா ஓ.’ என்ற பெண், தம் அறிகுறிகள் முதலில் தோன்றிய தருணங்களைப் பேசப் பேச அவை தணிவதைக் கண்டு, அம்முறைக்குப் ‘பேச்சுச் சிகிச்சை’ என்று தாமே பெயரிட்டார். 1895இல் பிராயரும் ஃப்ராய்டும் வெளியிட்ட நூலில் அது வெற்றிக் கதையாக வருகிறது. உண்மையில் அப்பெண் 1882இலேயே சுவிட்சர்லாந்தில் ஒரு மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட வேண்டியிருந்தது. அதே நூலில் வரும் இன்னொரு நோயாளி, இது எங்கிருந்து வந்தது, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே இராமல் தாம் சொல்ல வந்ததைச் சொல்ல விடுமாறு ஃப்ராய்டைக் கடிந்துகொண்டார். எல்லாரையும் ஹிப்னாட்டிச உறக்கத்தில் ஆழ்த்த ஃப்ராய்டால் முடியவில்லை என்பதும் சேர்ந்துகொள்ள, மனத்தில் தோன்றுவதையெல்லாம் தணிக்கையின்றிச் சொல்லச் செய்யும் முறை மெல்ல உருவானது. அதில் நோயாளிகளின் பங்கு பெரியது என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. எனக்கு அது நெடுநாள் மனக்குறை.

எல்லாவற்றிலும் முக்கியமான தோல்வி டோரா. பதினெட்டு வயதுப் பெண். 1900 அக்டோபரில் சிகிச்சைக்கு வந்து, ஆண்டின் கடைசி நாளில் இனி வரமாட்டேன் என்று சொல்லிச் சென்றுவிட்டார். அவருடைய கனவுகளைக் கூர்மையாக விளக்கிக்கொண்டிருந்த ஃப்ராய்டு, அப்பெண் தம்மை யாருடைய இடத்தில் வைத்துப் பார்க்கிறார் என்பதைக் கவனிக்கத் தவறினார். அதை உரிய காலத்தில் கையாளவில்லை என்று 1905இல் வெளியிட்ட குறிப்பில் அவரே ஒப்புக்கொண்டார். பழைய உறவுகளின் அன்பும் சினமும் சிகிச்சையாளர்மீது வந்து படிவதையே உணர்ச்சி இடமாற்றம் என்கிறோம். அதுவரை வழியில் கிடந்த தடையாகத் தெரிந்த அது, அதன்பின் சிகிச்சையின் களமாகவே ஆயிற்று. 1911 முதல் 1915 வரை அவர் எழுதிய சிகிச்சை நுட்பக் கட்டுரைகளை அவசியம் படியுங்கள். நினைவுகூர முடியாததை மனிதன் செயலில் மீண்டும் நிகழ்த்துகிறான் என்ற கருத்து அங்கே, 1914இல் வருகிறது.

மறுபக்கம்:
மேலே எழுதிய ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு கட்டத்தை அவர் தொடவில்லை. குழந்தைப் பருவப் பாலியல் வன்முறையே ஹிஸ்டீரியாவின் வேர் என்று 1896இல் அறிவித்த ஃப்ராய்டு, அதைத் தாம் இனி நம்பவில்லை என்று 1897 செப்டம்பரில் நண்பர் ஃப்ளீஸுக்கு எழுதினார். அத்தகைய வன்முறை நடப்பதை அவர் பின்னாளிலும் மறுக்கவில்லை என்பது உண்மைதான். எனினும் கவனம் நிகழ்விலிருந்து கற்பனைக்கு நகர்ந்ததன் விலையை நோயாளிகள் கொடுத்தார்கள். 1932இல் வீஸ்பாடன் மாநாட்டில் ஃப்ராய்டின் நெருங்கிய சகாவான ஃபெரென்சி மீண்டும் நிகழ்வின் பக்கம் நின்று பேசியபோது, ஃப்ராய்டு உட்பட அவருடைய சகாக்கள் அதை ஏற்கவில்லை. தோல்வியிலிருந்து கற்ற துறை என்று சொல்லும்போது, கற்க மறுத்த தோல்விகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உளவியல் மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால், இன்று நடக்கும் சிகிச்சையில் இவற்றுள் எது எஞ்சியிருக்கிறது? வாரத்தில் ஆறு நாட்கள் சாய்வு மஞ்சத்தில் படுத்துப் பேசும் முறையை இன்று யாரும் பின்பற்றுவதாகத் தெரியவில்லையே.

பழைய சிகிச்சையாளர்:
முதலில், மறுபக்கம் சொன்னது சரி. ஃபெரென்சியை நான் விட்டிருக்கக் கூடாது.

ஆறு நாள் முறை ஃப்ராய்டின் வழக்கம். முழு உளப்பகுப்பாய்வு இன்றும் வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை நடக்கிறது; ஆனால் நாற்காலியில் எதிரெதிரே அமர்ந்து வாரத்துக்கு ஓரிரு முறை பேசுவதே மிகப் பரவலானது. எஞ்சியிருப்பது கவனிக்கும் விதம். சிகிச்சையாளருக்குள் எழும் உணர்ச்சியை ஃப்ராய்டு 1910இல் கடக்க வேண்டிய இடையூறாகவே குறிப்பிட்டார். 1950இல் லண்டனில் உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமன், அதுவே நோயாளியின் மனத்தை அறிய உதவும் கருவி என்று எழுதினார். நோயாளியால் தாங்க முடியாததைச் சிகிச்சையாளர் ஏற்று, பொருள்கொள்ளக்கூடிய வடிவில் திருப்பித் தரவேண்டும் என்ற, பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வாளர் பியோனின் கருத்தையும் இதனோடு சேர்த்துப் படிக்கலாம்.

இவ்வகைச் சிகிச்சை பயன் தருவதற்கு ஆதாரமே இல்லை என்ற பேச்சும் முழுமையானதன்று. எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையற்றுக் கொந்தளிக்கும் நிலை) உள்ள 38 பேரிடம் பேட்மனும் ஃபொனாகியும் நடத்திய, 1999இல் வெளிவந்த ஆய்வில், பகல்நேர மருத்துவமனையில் உளப்பகுப்பாய்வு சார்ந்த சிகிச்சை பெற்றவர்களிடம் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலை முயற்சியும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆயினும் சிகிச்சை தொடங்கி எட்டு ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோதும் அந்த வேறுபாடு தெரிந்தது. அச்சிகிச்சையின் மையம், நோயாளி கொந்தளிக்கும் அந்தக் கணத்தில் தன் மனத்திலும் எதிரே இருப்பவர் மனத்திலும் என்ன நிகழ்கிறது என்று சேர்ந்து எண்ணிப்பார்ப்பது. டோரா எழுந்து சென்ற அந்த டிசம்பர் நாளில் ஃப்ராய்டு கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான் என்பேன்.