சீட் திறக்கவில்லை, லைசனும் ரெயின்கோட்டும் உள்ளே

பொகவந்தலாவை_250:
அண்ணன்மாரே, ஒரு உதவி. ரீகண்டிஷனில் வந்த பழைய 250, தொண்ணூறுகளில் செய்த பைக். இரண்டு மாதமாக லயத்துக்குப் பக்கத்தில் பொலித்தீன் போட்டு மூடியே கிடந்தது, ஜூனில் இருந்து இங்கே மழை விட்டபாடில்லை. நேற்று ஸ்டார்ட் பண்ணப் பார்த்தால் பெட்டரி சுத்தமாகச் செத்துவிட்டது, சரி கழற்றி சார்ஜ் போடுவோம் என்றால் சீட் திறக்கவில்லை. வால் பக்கத்தில் சாவி போகிறது, கொஞ்சம் திரும்பி அப்படியே நின்றுவிடுகிறது. லைசன், இன்சூரன்ஸ், ரெயின்கோட் எல்லாம் உள்ளே. ஞாயிறு ஹட்டனுக்குப் போயாக வேண்டும்.

தலவாக்கலை_தம்பி:
பெரிய ஸ்க்ரூ டிரைவர் விட்டு ஒரு நெம்பு நெம்புங்கள். என்னுடையது அப்படித்தான் வந்தது.

பழைய_இரும்பு:
நெம்பாதீங்க தம்பி. சீட்டின் அடித்தட்டு முப்பது வருடப் பிளாஸ்டிக், வெடித்தால் வேறு சீட் தேடி கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைகள் வரைக்கும் அலைய வேண்டும்.

முதலில் சாவி என்ன சொல்கிறது என்று பாருங்கள். லேசாகச் சுற்றி ஒன்றும் நடக்காவிட்டால் லொக்கில் இருந்து சீட் கொக்கிக்குப் போகிற கேபிள் அறுந்திருக்கும், இல்லையென்றால் கழன்றிருக்கும். அசையவே இல்லையென்றால் லொக்குக்குள் துரு. உங்களுடையது பாதி திரும்பி நிற்கிறது, அப்படியென்றால் கொக்கியில் பாரம் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் ஒரு இரும்பு வளையம் இருக்கும், அதைத்தான் கொக்கி பிடிக்கிறது; சீட் மேலே தள்ளிக்கொண்டே இருந்தால் வளையம் கொக்கியை இறுக்கிவிடும். சாவித் துவாரத்துக்கும், பின் மட்கார்டுக்கு அடியில் இருந்து கொக்கி பக்கமும் டபிள்யூடி 40 (துரு இளக்கும் ஸ்ப்ரே) அடித்து அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் ஒருவரைச் சீட்டின் பின்பக்கம் நன்றாக அழுத்தச் சொல்லிவிட்டு சாவியைத் திருப்புங்கள். பலத்தைச் சீட்டில் காட்டுங்கள், சாவியில் காட்டினால் சாவி முறிந்து துவாரத்துக்குள்ளேயே தங்கிவிடும்.

ஹட்டன்_மூட்டம்:
அதற்கும் வராவிட்டால் சைட் கவரைக் கழற்றிப் பாருங்கள். நிறையப் பைக்கில் லொக்கில் இருந்து போகிற கேபிள் அங்கேயே தெரியும், உள்கம்பியைப் பிளையரால் பிடித்து இழுத்தால் கொக்கி விடும். அந்தக் கவரின் முளையும் உடையும், மெதுவாக. அது சரி, ரெயின்கோட்டை எப்படி வைத்தீர்கள்? காயவைத்தா, ஈரமாகவா?

பொகவந்தலாவை_250:
வந்துவிட்டது! மாமா மகனைச் சீட்டில் ஏற்றி உட்காரவைத்தேன், ஆள் எண்பது கிலோ, சாவியைத் திருப்பியதும் 'டக்' என்றது. ஹட்டன் அண்ணன் கேட்டது சரிதான், ரெயின்கோட்டை ஈரத்தோடு சுருட்டித் திணித்திருக்கிறேன், பூசணம் பிடித்துத் தலையணை மாதிரி ஊதிக் கிடந்தது, அதுதான் சீட்டைத் தூக்கியிருக்கிறது. லைசன் தப்பியது, இன்சூரன்ஸ் தாள் பாதி கூழ். கேபிளின் வெளியுறையும் ஓரிடத்தில் கிழிந்து பழுப்புத் தண்ணீர் வடிகிறது.

பழைய_இரும்பு:
அப்போ கேபிளை இப்போதே மாற்றுங்கள், அடுத்த மழைக்கு அறும். கொக்கியைத் துடைத்து கிரீஸ் வையுங்கள், டபிள்யூடி மட்டும் போதாது, அது சீக்கிரம் காய்ந்துவிடும். இன்னொன்று, கொக்கியில் மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டி, நுனியை சைட் கவருக்குப் பின்னால் மறைத்து வையுங்கள். துவிச்சக்கர வண்டி பிரேக் கம்பியே போதும். கேபிள் அறுந்தாலும் அதை இழுத்துத் திறக்கலாம். நான் எட்டு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

தலவாக்கலை_தம்பி:
என் சீட் தட்டு வெடித்ததை இங்கே யாரிடமும் சொல்லவில்லை 😅 அந்தக் கம்பியை எந்தப் பக்கம் கொண்டுவருவது, இடதா வலதா?